கரி கீது, கரிக்குது

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே கண்டுபிடிப்பு பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. வாய் நிறையக் கரி இருந்ததால் உடனே யாரிடமும் சொல்ல முடியவில்லை. அப்படியே சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில், சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு சாயத் தொழிற்சாலை. லுங்கி நெய்கிற நூலுக்குச் சாயம் ஏற்றி அனுப்புவார்கள். அங்கே நான் கெமிஸ்ட். மூன்றாம் வகுப்பில் தேறிய பி.எஸ்ஸி.க்கு அது பெரிய பட்டம். கருங்குழியில் என் வீட்டார், நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே நிற்பதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்கள். கோட்டு இருந்தது உண்மை. முதல் நாள் அது வெள்ளையாக இருந்ததும் உண்மை. இரண்டாம் நாளிலிருந்து எந்தத் தொட்டியில் என்ன நிறம் ஓடுகிறது என்பதை முதலாளி என் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

காலையில் போனதும் முதல் வேலை உப்பு நிறுப்பது. சாயம் நூலில் இறங்க வேண்டுமானால் தொட்டியில் உப்பு போட வேண்டும்; அதுவும் சிட்டிகைக் கணக்கில்லை, மூட்டைக் கணக்கு. வடக்கே இருந்த உப்பளங்களிலிருந்து லாரியில் வரும். மூட்டையைப் பிரித்து, நிறுத்து, கொட்டச் சொல்லிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு இரண்டாம் வேலைக்குப் போவேன். நேற்றைய சிவப்பும் இன்றைய சிவப்பும் ஒன்றுதானா என்று பார்ப்பது இரண்டாம் வேலை. ஒன்றில்லை என்றால் வெயிலின் மேல் பழியைப் போடுவது மூன்றாம் வேலை.

சாயம் போட்டு முடிந்த தண்ணீரை என்ன செய்வது என்பதற்கு முதலாளி இடம் வாங்கும்போதே வழி கண்டுவிட்டார். கட்டடத்துக்குப் பின்னால் மணலில் ஒரு பெரிய பள்ளம். காலையில் விட்ட தண்ணீர் சாயங்காலம் அங்கே இருக்காது.

"மணல் குடிச்சிடும் தம்பி. எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சிடும். இந்த மாதிரி ஒரு குடிகாரனை நான் பார்த்ததே இல்லை" என்பார்.

குடித்தவன் எங்கே போய்க் கக்குகிறான் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

கக்கிய இடம் குப்பத்துக் கிணறு. தொழிற்சாலைக்குக் கீழே, கடலைப் பார்த்த சரிவில், கட்டுமரம் வைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு ஒரே ஒரு நல்ல தண்ணிக் கிணறு. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அப்படி இனிக்கிற தண்ணீர் இருந்ததற்கு மணல்மேடுதான் காரணம். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஊறிக் கொடுத்தது. இப்போது எங்களையும் குடித்துவிட்டு எங்களையும் ஊறிக் கொடுத்தது.

இதை எனக்குச் சொன்னவள் மீன் விற்கிற ஓர் அக்கா. முதல் பஸ்ஸில் கூடையோடு செங்கல்பட்டு போய் விற்றுவிட்டு மதியத்துக்கு மேல் திரும்புகிறவள். அவள் குரல் கொடுத்தால் பிரேக் போடாமலே பஸ் நிற்கும் என்று கண்டக்டர்கள் சொல்வார்கள். ஒருநாள் காலை அவள் பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் கேட்டுக்கு வந்தாள். வாட்ச்மேனை ஒரு கையால் ஒதுக்கினாள். மறு கையில் ஒரு அலுமினியத் தூக்கு.

"எவன்டா இங்க கெமிஸ்ட்டு?"

என் கோட்டைப் பார்த்ததும் பதில் அவளுக்கே தெரிந்துவிட்டது.

"இந்தா. துன்னு."

மூடியைத் திறந்தேன். சோறு. நல்ல வெளிர் ஊதாவில், பருக்கை பருக்கையாக.

பயம் வந்தால் எனக்குக் கிண்டலும் கூடவே வந்துவிடும். பிறவிக் கோளாறு.

"இன்னாக்கா, கண்ணாலத்து கேசரி மாதிரி கலரா கீது?"

"ஆமாண்டா, உன் கருமாதிக்கு ஆக்கினேன். துன்னு மொதல்ல."

வேலையாட்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன்.

"நல்லாத்தான்க்கா கீது. உப்பு கூட கரெக்டா போட்டுக்கீறே."

"உப்பா? வடிக்கிற சோத்துக்கு எவடா உப்பு போடுவா? நான் போடல."

"அப்ப உன் கைமணம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கவளத்தை இன்னும் நாலு தரம் மென்றிருந்தால் மற்றதெல்லாம் வேறு மாதிரி நடந்திருக்கும். ஆனால் ஒரு பகடி பலித்த சந்தோஷத்தில் அப்படியே விழுங்கிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

"கெணத்துல தண்ணி ஊதாவா கீதுடா. புள்ளைங்களுக்கு இன்னாத்த ஊத்தறது? அடுத்த கெணறு எங்க கீது தெரியுமா? தோப்பத் தாண்டி, கால்வாயத் தாண்டி. நான் மீன் கூடையத் தூக்குவனா, தண்ணிக் கொடத்தத் தூக்குவனா? எனக்கு இன்னா ரெண்டு தலையா கீது?" என்றாள். தூக்கைப் பிடுங்கிக்கொண்டாள். "பாட்டில்ல புடிச்சு மனுவோட குடுத்துட்டோம். ஆபீசரு வருவாரு. அவராண்ட சொல்லு உன் கைமணத்த."

பாட்டில் என்ற சொல் முதலாளியின் அறைவரை போய்விட்டது. அன்று மதியம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"ஆபீசர் வர்றதுக்குள்ள அந்தக் கலர் போகணும் தம்பி. நீ படிச்சவன்."

நான் படித்தவன் என்று ஒருவர் சொல்லி அதுதான் முதல் தடவை. என் வாத்தியார்கள்கூடச் சொன்னதில்லை.

அப்போது திருக்கழுக்குன்றத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அடுத்த வாரம் ஒருநாள் காலை, கோட்டை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு அதன் பக்கத்தில் குந்திப் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த நாளில் பற்பசை வாங்குகிறவர்கள் வேறு ஜாதி. எங்களுக்கெல்லாம் உமிக்கரிதான். நெல் அவிக்கிற அடுப்பில் உமியைப் போட்டு எரித்தால் மிஞ்சுகிற கறுப்புத் தூள். வாளித் தண்ணீர் ஊதாவாகிக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்ததில், கையில் இருந்த காகிதப் பொட்டலம் நழுவி அப்படியே வாளிக்குள் விழுந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கோட்டைத் திட்டிவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வாளியில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஊதா முழுவதையும் கரி உறிஞ்சிக்கொண்டு அடியில் படிந்து கிடந்தது. கோட்டு மட்டும் கறுப்பாகியிருந்தது. அதுவரை அது பார்க்காமல் விட்டிருந்த ஒரே நிறம்.

பிறகு தொழிற்சாலையில் குவளை குவளையாகப் போட்டுப் பார்த்தேன். ஊதா உடனே சரணடைந்தது. நீலம் கொஞ்சம் பேரம் பேசியது. சிவப்பு மூன்று தடவை வடிகட்டினால்தான் போனது. கருங்குழியில் எனக்குத் தெரிந்த ரைஸ்மில்லில் உமிக்கரி மலையாகக் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கும்பிட்டார்கள். முதல் வண்டியில் நன்றாக எரிந்து வெளுத்துப்போன சாம்பலை ஏற்றிவிட்டார்கள். அது எந்தக் கலரையும் தொடவில்லை. அரைகுறையாக எரிந்து கறுத்ததுதான் வேலை செய்தது. அரைகுறைகளாலும் உலகத்தில் ஒரு காரியம் ஆகும் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பள்ளத்துக்கு முன்னால் மூன்று செங்கல் தொட்டி கட்டுவது, ஒவ்வொன்றிலும் ஜல்லி, மணல், நடுவே இடுப்பளவு கரி. தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வடிந்து கடைசியில் பள்ளத்துக்குப் போக வேண்டும். இதுதான் என் திட்டம். முதலாளி உடனே சரி என்றார். சிக்கல் எங்கே வந்ததென்றால், மாட்டு வண்டி தார் ரோட்டைவிட்டு மணலில் இறங்க மறுத்தது. ரோட்டிலிருந்து தொட்டிவரை கரியைச் சுமக்க ஆட்கள் வேண்டும். எங்கள் ஆட்கள், ‘சாயத்துக்குத்தான் வந்தோம், கரிக்கு வரவில்லை’ என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் நான் அந்த அக்காவைத் தேடிப் போனேன். கிணற்றடியிலேயே இருந்தாள். ஓட்டைப் பானை ஒன்றில் உமிக்கரியை அடைத்து எடுத்துப் போயிருந்தேன்.

"இன்னாடா இது, பல்லு வெளக்கற கரியா? தண்ணிக்கு ஏதுடா பல்லு?"

மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கிணற்றிலிருந்து ஒரு குடம் ஊதாத் தண்ணீரை மொண்டு பானையில் ஊற்றினேன். அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்ததை அவளுடைய சொம்பில் பிடித்தேன். நிறமே இல்லை. சிரிப்பு நின்றது. ஒருத்தி மாற்றி ஒருத்தி சொம்பை வாங்கி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். யாரும் அதை வாயில் வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததே எல்லாருக்கும் போதுமாக இருந்தது. எனக்கும்தான்.

"கேலி பண்ணாம சொல்லு. எங்க கெணறு திரும்பி வருமா?" என்று கேட்டாள்.

"வரும்க்கா."

"சத்தியமா?"

"என் கோட்டு மேல சத்தியம்."

கேலி பண்ணாதே என்று சொன்னதற்கு நான் தந்த மரியாதை இவ்வளவுதான். ஆனால் அவள் நம்பினாள். மறுநாள் குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் மீன் கூடையை எடுத்துக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆறு நாள் சுமந்தார்கள். கவிச்சி வாசனையும் கரித் தூளுமாக, முழங்கால்வரை மணலில் புதைந்து புதைந்து. மூன்று தொட்டியையும் நிரப்பியது அவர்கள் கைதான். நான் கட்டையை வைத்துக்கொண்டு ஆழம் பார்த்தேன்.

தொட்டி வேலை செய்தது. இதை நான் அடக்கத்தோடு சொல்ல முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன். முதல் தொட்டியில் சேறு மாதிரி இறங்கிய தண்ணீர் மூன்றாவதிலிருந்து பளிச்சென்று விழுந்தது. ஒரே ஒரு விபத்து. வேலை முடிந்த கரியை வாரி வெளியே கொட்டியிருந்தோம். எங்கள் வாட்ச்மேன் அதில் ஒரு பிடி எடுத்துப் பல் விளக்கிவிட்டார். அவருக்கு முன்னால் நாலே பற்கள், நாலும் ஊதா. ஒரு வாரம் அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் லாரி டிரைவர்கள் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை முடிவதற்குள் கிணறு ஊதாவிலிருந்து ரோஜாவுக்கு வந்து, ரோஜாவிலிருந்து எதுவுமில்லாமல் ஆனது. புது மழைத் தண்ணீர் நிரம்பி நின்றதால் குடித்தவர்களும் பரவாயில்லை என்றார்கள். அக்கா ஒருநாள் பனையோலையில் சுற்றி நெத்திலி கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். "துன்னு கெமிஸ்ட்டு. இதுல கலரு இல்ல." அந்த நெத்திலிக் குழம்பைவிட ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

தை பிறந்து மழைத் தண்ணீர் இறங்கிற்று. ஒருநாள் காலை பாய்லர் முழு மூச்சில் சீறிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பால் அவள் நின்று கையை ஆட்டினாள். தலையில் மீன் கூடை. பஸ்ஸின் ஹாரன் வேறு.

"தண்ணி கரி கீது!" என்று என் காதில் விழுந்தது.

தூள் கசிகிறது என்று புரிந்துகொண்டேன். மூன்றாம் தொட்டியில் மணல் போதவில்லை போலிருக்கிறது.

"துணி போட்டு வடிகட்டுக்கா! நான் சரி பண்றேன்!" என்று கத்தினேன்.

அவள் புருவத்தைச் சுருக்கிப் பார்த்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

கரி முழுவதையும் வெளியே எடுத்துக் கழுவி, மறுபடி போட்டு, மேலே ஒரு முழம் புது மணல் பரப்பினேன். ஒரு வாரம் கழித்து வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். "இன்னும் கரி கீதாம் சார்" என்றார் அவர், நாலு பல்லும் வெளுத்துவிட்ட தைரியத்தில் வாயைத் திறந்து. மறுபடி கழுவினேன். அடுத்த வாரம் அவளே கேட்டில் மடக்கினாள்.

"இன்னா கெமிஸ்ட்டு, அப்படியேதான் கீது."

"கழுவிகினே கீறேன்க்கா. ரெண்டு தபா ஆச்சு."

"கழுவினா பூடுமா?"

"பூடும்க்கா. கழுவக் கழுவப் பூடும்."

"படிச்சவன் சொல்ற. சரி" என்று போனாள். குப்பத்தில் எல்லாரிடமும் அதையே சொல்லியிருக்கிறாள்: கழுவிகினு கீறான், பூடுமாம்.

மாசியில் ஆபீசர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியபோது அவர் கையில் அந்தப் பாட்டில் இருந்தது. மெழுகுவர்த்தியால் வாயை அடைத்த பாட்டில். உள்ளே ஊதாத் தண்ணீர், முதல் நாள் போலவே. முதலாளி இளநீர் கொடுத்தார். தொட்டிகளைச் சுற்றிக் காட்டினேன். உமிக்கரி என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ரைஸ்மில் குப்பையில் இவ்வளவு பெரிய காரியமா என்று என் தோளில் தட்டினார். கோட்டில் இருந்த சிவப்பு கொஞ்சம் அவர் கையில் ஒட்டியது. நான் சொல்லவில்லை.

பிறகு எல்லாருமாகக் கிணற்றுக்கு இறங்கினோம். குப்பமே கூடியிருந்தது. ஆபீசர் ஒரு வெறும் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு பாட்டிலையும் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஒன்று ஊதா. ஒன்றில் அந்தப் பக்கம் நின்ற தென்னைமரம் தெரிந்தது.

"ரொம்ப நல்லா இருக்கேம்மா. இன்னும் என்ன குறை?"

"கண்ணால பாத்தா போதுமா சார்? குடிச்சுப் பாரு" என்றாள் அக்கா.

அவர் நல்ல மனிதர். வேறொருவராக இருந்தால் குடித்திருக்க மாட்டார். ஒரு வாய் வைத்து, முகத்தைச் சுளித்து, மணலில் துப்பினார்.

"ஆமா, உப்புக் கரிக்குது."

"அதத்தான் சார் நாங்களும் சொல்லிகினே கீறோம். தண்ணி கரிக்குது, கரிக்குதுன்னு."

எனக்கு அந்த இடத்திலேயே காது திறந்தது. எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘கரி கீது’ என்றால் கரி இருக்கிறது. ‘கரிக்குது’ என்றால் உப்பாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சுதான் வித்தியாசம். அவள் முதல் நாளிலிருந்தே உப்பு என்றுதான் சொல்லியிருக்கிறாள். என் காதுக்குள் கரி அடைத்துக்கொண்டிருந்தது. அந்த ஊதாச் சோற்றின் ருசி திரும்ப நாக்கில் வந்தது. உப்பு கரெக்டாகப் போட்டிருக்கிறாய் என்று நான்தான் சொன்னேன். தினமும் காலையில் மூட்டை பிரித்து நிறுத்துப் போட்டவனும் நான்தான். மூட்டை மூட்டையாகப் போட்டது நூலோடு போகவில்லை; தண்ணீரோடுதான் போனது. அதை எந்தக் கரியும் பிடிக்காது. நாற்பது தடவை கழுவினாலும் பிடிக்காது.

ஆபீசர் பொறுமையாகப் பேசினார். "கடலோரக் கிணறும்மா. உப்பாத்தான் போகும். பல இடத்துல இப்படி ஆகியிருக்கு. கடல் உள்ளே ஏறி வருது."

"கடல் இன்னா நேத்தா வந்துச்சு சார்? என் கண்ணாலத்துக்கு இந்தத் தண்ணிலதான் ஒல வச்சாங்கோ. அப்பவும் கடல் இங்கதானே கீது?"

அவர் என் பக்கம் திரும்பினார். "கெமிஸ்ட், நீங்க என்ன சொல்றீங்க?"

அத்தனை முகமும் என்மேல். முதலாளியின் முகமும். நான் ஒரு வீரன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சொன்னேன்.

"சார், உப்பு நாங்களும் போடறோம். தினமும் மூட்டை மூட்டையா. நான்தான் நிறுத்துப் போடறேன்."

முதலாளி கடகடவென்று சிரித்தார். "இவன் எப்பவும் இப்படித்தான் சார். நிமிஷத்துக்கு ஒரு ஜோக். ஏன் தம்பி, இவ்வளவு பெரிய கடலுக்கும் நீதான் உப்பு நிறுத்துப் போட்டியா?"

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். ஆபீசர் சிரித்தார். குப்பத்திலேயே சில பேர் சிரித்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக நான் வாயைத் திறந்ததெல்லாம் வேடிக்கைக்குத்தான். அன்று ஒரு நாள் மட்டும் வேறு குரலில் பேசினால் எப்படித் தெரியும்? இதில் அவமானம் என்னவென்றால், பழக்க தோஷத்தில் என் வாயும் சிரிக்கிற மாதிரி விரிந்து நின்றது. மூடப் பார்த்தேன், மூடவில்லை.

"நிஜம்தான் சார்" என்றேன்.

ஆபீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் அனுதாபத்தோடு கேட்டார். "சரி, இந்த உப்பு உங்களோடது, அந்த உப்பு கடலோடதுன்னு எப்படிப் பிரிச்சுச் சொல்வீங்க?"

எப்படிச் சொல்வேன்? எங்கள் உப்பு வந்ததே அந்தக் கடலிலிருந்துதான். உப்பளத்துக்காரர் காய்ச்சி மூட்டை கட்டினார், நான் நிறுத்துப் போட்டேன், மணல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அது எங்கள் வழியாக வந்தது என்பதற்கு ஒரே ஓர் அடையாளம் இருந்தது: ஊதா. அதைத்தான் நான் மூன்று தொட்டி கட்டி, குப்பத்துப் பெண்களை விட்டே கரி சுமக்கவைத்து, கழுவிக் கழுவித் துடைத்திருந்தேன்.

ஜீப் கிளம்பியபோது பழைய பாட்டிலைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே நாலு குழி தோண்டி, எங்கள் பக்கம் உப்பு அதிகமா, கடல் பக்கம் அதிகமா என்று பார்த்திருக்கலாம் என்பது எனக்கு மூன்று நாள் கழித்துத் தோன்றியது. எனக்கு எல்லாமே மூன்று நாள் கழித்துத்தான் தோன்றும். தோண்டினேன். எங்கள் பக்கம்தான் அதிகம். நாக்கில் வைத்தாலே தெரிந்தது. முதலாளியிடம் சொன்னேன். "கடல் எங்கே வேணும்னாலும் ஊறும் தம்பி" என்றார். ஆபீசருக்குக் கடிதம் எழுதினேன். மனு முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது, அதுவும் முதலாளி பெயருக்கு. அதை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நான் பைத்தியம் பிடித்தவன் மாதிரி அலைந்தேன். உமிக்கரி கலரைப் பிடித்ததே, உப்பைப் பிடிக்க வயல்காட்டுக் குப்பையில் ஏதாவது இருக்காதா? தேங்காய் நார்த் தூள் போட்டேன். அச்சரப்பாக்கத்திலிருந்து வேர்க்கடலைத் தோல் இரண்டு மூட்டை கொண்டுவந்தேன். வைக்கோல், சவுக்கு இலை, கரும்புச் சக்கை, பனம்பழ நார் எல்லாம் போட்டு, ஊறவைத்து, வடிகட்டி, நக்கிப் பார்த்தேன். நக்கி நக்கி என் நாக்கு வெடித்ததுதான் மிச்சம். மாட்டுக்குப் போட வேண்டியதையெல்லாம் கெமிஸ்ட் தின்கிறார் என்று வாட்ச்மேன் லாரிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். படித்த படிப்பில் விடை இருந்தது: உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிக்க வேண்டுமானால் உப்பளம் மாதிரிப் பாத்தி கட்டி வெயிலில் காயவிட வேண்டும். முதலாளியிடம் சொன்னேன். "செய்யலாம் தம்பி" என்றார். அவர் ‘செய்யலாம்’ என்று சொன்ன விஷயத்துக்கு அன்றே பால் தெளித்துவிடலாம்.

தொட்டிகளுக்கு மட்டும் பேர் கிடைத்தது. வேறு சாயக்காரர்கள் வந்து பார்த்தார்கள். முதலாளி ஒரு கண்ணாடி டம்ளரில் மூன்றாம் தொட்டித் தண்ணீரைப் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டுவார். பக்கத்தில் நான் புதுக் கோட்டோடு நிற்பேன்.

அக்கா இப்போது கால்வாய் தாண்டிப் போய் ஒரு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். எங்கள் கேட்டைக் கடந்துதான் போக வேண்டும். என்னைத் திட்டவில்லை. கெமிஸ்ட்டு என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். சித்திரை வெயிலில் ஒருநாள் அவளே நின்றாள். இடுப்பில் குடம்.

"ஏம்ப்பா, ஒண்ணு கேக்கறேன். அந்தக் கலரத் திருப்பிப் போட முடியுமா?"

"இன்னாக்கா சொல்ற?"

"கலரு இருந்தப்போ நாலு பேரு வந்து பாத்தான். மனு வாங்கினான். ஆபீசரு ஜீப்புல வந்தாரு. இப்ப எங்க போனாலும் பாட்டிலப் பாத்துட்டு, நல்லாத்தானே கீதுன்றான். ஒவ்வொருத்தனையுமா குடிச்சுப் பாக்கச் சொல்றது? கலரப் போடுப்பா. அப்பத்தான் நம்புவாங்கோ."

"அது பொய்யா பூடும்க்கா."

"இப்ப கீறது இன்னா, நெசமா?"

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது ஊதாப் பொடி டிரம்மைத் திறந்து ஒரு பிடி அள்ளினேன். மூன்றாம் தொட்டியின் வாய்க்காலுக்குப் போனேன். அங்கிருந்து நேரே மணல், மணலிலிருந்து கிணறு. கையைத் திறந்தால் போதும். வெயிலில் கை வியர்த்து பொடி பிசுபிசுத்தது. சாப்பாட்டு மணி மறுபடி அடிக்கிறவரைக்கும் அப்படியே நின்றேன். பிறகு திரும்பிப் போய் டிரம்மிலேயே போட்டுவிட்டேன். அது பொய் என்பதாலா, வேலை போய்விடும் என்பதாலா, அந்தத் தண்ணீரில் இன்னும் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்தா என்பது எனக்கே தெரியாது. கேட்கிறவர்களுக்குத் தகுந்த மாதிரி மூன்றில் ஒன்றைச் சொல்லி இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே அவள் எதிரே வந்தாள். வெறுங்குடம். ஏதோ சொல்ல நினைத்துக் கையைத் தூக்கினேன். உள்ளங்கை முழுக்க ஊதா, ரேகைவரை இறங்கியிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தொட்டி இருந்த பக்கம் பார்த்தாள்.

"உமிக்கரி போட்டுத் தேய். பூடும்" என்றாள். குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் நடந்தாள்.